கேன்வாஸில் ஒரு பாலைவனம்

காரிலிருந்து, அதன் பின்னால் மாட்டிய கேன்வாஸ் கூடார டிரெய்லரின் விளக்குகளுக்கு வயர் இழுத்தது ராஸேதான். இடப்பக்க விளக்கைப் போட்டால் வலப்பக்கம் மின்னி, மூன்று ஞாயிறுகளைத் தின்ற வேலை.

என்ஜின் முனகியது. இண்டிகேட்டரைத் தட்டினான். டிரெய்லருக்குள் படுத்திருந்த மனைவி நொலீனைச் சுற்றிக் கேன்வாஸ் மஞ்சளாக மின்னி அணைந்தது.

"திரும்பறோமா, ராஸ்?"

"ஆமா கண்ணு, பாலைவனம் வந்தாச்சு."

"கங்காரு?"

"கூட்டமா நிக்குது." பிரேக்கை மிதித்தான். கேன்வாஸ் சிவந்தது. "சூரியன் இறங்குது பாரு!"

"அழகா இருக்குப்பா."

வேலிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் டாரில் தலையை நீட்டினார். "என்னப்பா, இன்னிக்கும் கொல்லையிலயேதான் பயணமா? டாக்டர் இன்னும் அவங்களை வெளியூர் போக விடலையா?"

"மெதுவாப் பேசுங்க! கார் நகரவே இல்லன்னு அவளுக்குத் தெரியாது."

உள்ளிருந்து நொலீன் குரல் வந்தது: "ராஸ், பாத்து ஓட்டு. முன்னாடி நம்ம துணிக்கொடி வருது."