சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில்

டேப்பின் முனையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கச் சொன்னான் தம்பி. பிடித்தேன்.

கறுப்பு சோபாவின் கைப்பிடியில் தொடங்கி, வெறும் தரைக்கு மேலே போய், தெற்குச் சுவரில் என் கட்டைவிரலுக்கு அடியில் முடிந்தது டேப்.

"ஏழு அடி. கரெக்டா விட்டுக்கிறேன்க்கா," என்றான் குமரன்.

வியாழக்கிழமை காலை அது. ஞாயிறன்று ஏம்பலத்திலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். பெண்ணை நாங்கள் பார்த்தாயிற்று, பிடித்தாயிற்று. அவர்களுக்கு வீடு பிடித்தால் கையோடு தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

அதற்காக மூன்று வாரமாக ஹாலையே புரட்டிப் போட்டிருந்தான்.

சோபா, பாண்டிச்சேரியில் யாரோ கெஸ்ட் ஹவுஸைக் காலி செய்தபோது வாங்கியது. அசல் தோல். உட்கார்ந்தால் மெல்ல ஒரு பெருமூச்சு விடும். எழுந்த பிறகு இன்னொன்று.

எனக்கு அதைப் பிடிக்கவில்லை. நல்ல காரியத்துக்கு வருகிறவர்களைக் கறுப்பின் மேலா உட்காரவைப்பது? மஞ்சள் துண்டு ஒன்றை விரித்துப் போட்டேன். வேலை முடிந்து வந்தவன் அதை மடித்து என் கையிலேயே கொடுத்தான்.

"துண்டு போட்டு எடம் புடிக்க இது இன்னா டவுன் பஸ்ஸா?"

கறுப்புக்கு எது பொருந்துமோ அதுதான் ஹாலில் இருக்கலாம் என்றான். பச்சைச் சுவர் வெள்ளையானது. பூப்போட்ட திரை போய்க் கடுகு நிறத்தில் வந்தது. காலண்டர் சமையலறைக்குப் போனது. அப்பா அம்மா படத்தை மட்டும் நான் தொடவிடவில்லை.

எல்லாம் செய்துவிட்டு, சோபாவை வடக்கு மூலைக்குத் தள்ளி, இந்தப் பக்கம் ஏழு அடியைச் சும்மா விட்டிருந்தான். அங்கே தரையோரமாக ஒரு பிளக் பாயிண்ட் வேறு. சுவிட்சைப் போட்டால் பொட்டு மாதிரி சிவப்பு எரியும்.

எட்டுப் பேர் வருகிறார்கள், இரண்டு நாற்காலியாவது போடலாம் என்றேன். கூடாது என்றான். காரணமும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

"யாரக் கெடத்தறதுக்குடா இவ்ளோ எடம்?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் சிரித்தான். என் விரல் நழுவி, டேப் சரசரவென்று அவன் கைக்கே ஓடியது.

"ஞாயித்துக்கெழம வரட்டும். நீயே தெரிஞ்சிக்குவ."

அன்று மாலை, திரைக்கு ஒரு கம்பி குறைகிறதென்று பைக்கில் பாகூர் போனான். வழியில், பின்விளக்கு இல்லாமல் நின்றிருந்த ஒரு கரும்பு டிராக்டர்.

வெள்ளி மதியம் கொண்டுவந்தார்கள். பிரான்சிலிருந்து மாமா வந்து சேர ஞாயிறு ஆகும் என்பதால் ஃப்ரீசர் பாக்ஸ் சொன்னார்கள்.

இடம் பண்ண வேண்டுமே என்று சோபாவைத் தூக்க நான்கு பேர் குனிந்தார்கள். பெட்டி கொண்டுவந்தவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இருக்கட்டும்பா. இங்கியே எடம் இருக்குதே. தல தெக்கால வந்துடும். பிளக்கும் பக்கத்துலயே. அளவெடுத்து விட்ட மாதிரி."

பெட்டி அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. அவர்தான் சுவிட்சைப் போட்டார். சிவப்பு எரிந்தது.

வியாழக்கிழமை நான் சொன்னதைக் கேட்டவன் ஒருவன்தான். அவன் கண்ணாடிக்குள் இருந்தான்.

ஞாயிறு காலை, ஏம்பலத்திலிருந்து வந்தார்கள். அதே எட்டுப் பேர், கூடவே பெண்ணும். பெண்ணின் அப்பா சிவப்பிரகாசம் மாலையைச் சாத்திவிட்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல், புதுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் எல்லோரும் தரையில் இருந்தோம். சாவு வீட்டில் யார் சோபாவில் உட்காருவார்கள்? இரண்டு நாளாக அது சத்தமில்லாமல் கிடந்தது.

ஜெயசுதா உட்கார்ந்தாள்.

நேரே வந்து, சோபாவின் இந்த ஓரத்தில், அவன் கால்மாட்டில். தோல் மெல்லப் பெருமூச்சு விட்டது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கட்டிக்கப் போற பொண்ணாம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அவள் பெட்டிக்கு அந்தப் பக்கம் குனிந்து எதையோ தேடினாள். பிளக்கைப் பார்த்ததும் நிமிர்ந்துகொண்டாள். இந்த வீட்டுக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

எழுப்பிக் கூட்டிப்போகலாம் என்று குனிந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு கேட்டாள்.

"லாம்ப்பு இங்கதான வரணும்க்கா? பக்கத்துல புக்கு வைக்க ரேக்கு. நான்தான் கேட்டேன், இந்த ஓரத்துல குந்திகினு படிக்கலாம்னு. 'அளந்து வச்சிட்டேன், எங்க அக்கா திட்டுது'ன்னு மெசேஜ் போட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் எடுத்துப் போனார்கள். பிறகு பெட்டிக்காரர்கள் வயரை உருவிச் சுற்றிக்கொண்டு கிளம்பினார்கள். சுவிட்சை யாரும் அணைக்கவில்லை.

ஒன்றரை வருஷம் ஆகிறது. அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் அவன் படம். ஜெயசுதாவுக்குத் தை மாதம் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது; பத்திரிகை வந்தது. வருகிறவர்கள் அந்த ஏழு அடியில் நாற்காலியை இழுத்துப் போடப் பார்த்தால் தடுத்துவிடுகிறேன். ஏன் என்று கேட்டால், அங்கே ஒரு விளக்கு வரவேண்டியிருக்கிறது என்கிறேன்.

தினமும் பெருக்குகிறேன். சுவரோரம் வரும்போது துடைப்பத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வேன், சுவிட்சில் பட்டுவிடாமல்.

சிவப்பு எரிந்துகொண்டிருக்கிறது.