சீரான துடிப்பு

“துடிப்பு ரொம்ப சீரா இருக்கு” என்றார் டாக்டர் பிரதீபா, ரிப்போர்ட்டைப் புரட்டியபடி.

ராஜ்மோகனின் முகம் மலர்ந்தது. அவருக்கு மாரடைப்பு வந்து ஒரு மாதமாகிறது. ஒரு நாள் முழுக்க நெஞ்சில் மாட்டிக்கொள்ளச் சொல்லி டாக்டர் கொடுத்த மெஷினின் ரிப்போர்ட் அது. நன்றாக இருந்தால்தான் பட்டினச்சேரியில் மறுபடி படகு ஏற முடியும்.

“அப்ப கடலுக்குப் போலாமுங்களா?”

“கூடாதுங்க. இப்படி சீரா இருக்கறதுதான் ஆபத்து.”

அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி சந்திரலேகாவும் விழித்தாள்.

“சீரா இருந்தா நல்லதுதானுங்களே?”

“நல்ல இதயம் மூச்சு விட்டா, நடந்தா, தூங்குனா வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்திக்கிட்டே இருக்கும். இது எதுக்குமே மாறல. மாரடைப்பு வந்தவங்களுக்கு இப்படி இருந்தா, திடீர்னு இதயம் நின்னுபோற ஆபத்து அதிகம்.”

“மாரடைப்பே வராதவங்களுக்கு இப்படி இருக்குமுங்களா?”

“இருக்கலாம். ஆனா உடனே பாக்கணும். ஏன் கேக்கறீங்க?”

ராஜ்மோகன் எழுந்து தன் நாற்காலியில் மனைவியை உட்கார வைத்தார்.

“கடலுக்குப் போகக்கூடாதுன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துபோயி, மெஷினை இவளுக்கு மாட்டிவிட்டேங்க.”

டாக்டர் ரிப்போர்ட்டைக் கீழே வைத்தார். பிறகு சந்திரலேகாவிடம் திரும்பினார்.

“உங்களுக்கு எப்பவாவது நெஞ்சு வலிச்சுதாம்மா?”

சந்திரலேகா தயங்கினாள்.

“இவங்க ஐசியூல கெடந்தப்ப ஒருநாள் ரொம்ப வலிச்சுதுங்க. கவலையில வலிக்குதுன்னு இருந்துட்டேன்.”