தையல்காரக்காவின் மாத்திரை

மனநல வார்டின் காலை மருந்து வரிசையில் தையல்காரக்கா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறாள். "நாக்கைத் தூக்குங்கக்கா," என்கிறாள் நர்ஸ். அடியில் மாத்திரை முழுசாக ஒட்டியிருக்கிறது. "இதைப் போட்டா கை நடுங்குது சிஸ்டர். ஊசியில நூல் கோக்க முடியல. வீட்டுக்குப் போய் எதை வச்சுப் பிழைக்க?" ஜன்னல் வெயிலில் அவள் நீட்டும் விரல்கள், ஓடுகிற தையல் மெஷின்மேல் வைத்த டம்ளர் போல அதிர்கின்றன. நர்ஸ் அவற்றைத் தன் உள்ளங்கையில் வாங்கிச் சற்று நேரம் வைத்திருக்கிறாள். பின் கோப்பில் எழுதி வாசித்தும் காட்டுகிறாள்: "கை நடுக்கம். தையல் தொழில். இன்றே மருந்தின் அளவைப் பார்க்கவும்." "தொழில்னு போட்டீங்களா?" "போட்டுட்டேன்." தையல்காரக்கா கண்ணை மூடி விழுங்குகிறாள். பிறகு நர்ஸின் சீருடைத் தோளைக் கிள்ளிப் பார்க்கிறாள். "யாரு சிஸ்டர் இதைத் தைச்சது? ஒரு விரக்கடை தொங்குது."