தெரியாமல் ஓடுகிறான்

கைப்பேசியில் அந்தப் பச்சைப் புள்ளி இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

அந்தப் புள்ளிதான் என் கணவர் சுகுமாறன். ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு கடலோர ஊரில், நீந்தி முடித்து, சைக்கிள் மிதித்து முடித்து, இப்போது ஓடிக்கொண்டிருந்தார்.

இங்கே மலேசியாவில், கிள்ளானில், வீட்டு ஹாலில், அவருடைய அப்பா சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார்.

மாமனார் விடியும் முன்பே போய்விட்டார். மூத்த மகன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும். விமானமோ நாளைக் காலைதான். பந்தயம் முடியும்வரை அவனிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது, தெரிந்தால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவான் என்று அத்தை, என் மாமியார், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பூச்சோங்கிலிருந்தும் செமினியிலிருந்தும் வந்தவர்களிடமெல்லாம் குரூப்பில் எதுவும் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கெஞ்சி என் தொண்டை வறண்டுவிட்டது. நின்று நின்று கால் கடுத்தது. இந்தப் புள்ளி எப்போது நிற்கும், நான் எப்போது உட்கார்ந்து அழுவேன் என்றிருந்தது.

இந்தப் பாழாய்ப்போன பந்தயத்தின் மேல் எனக்கு எப்போதுமே எரிச்சல்தான். மாமனார்தான் என் கணவருக்குக் கூட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்திங் ரோட்டில் மகன் சைக்கிள் மிதிக்க, பின்னாலேயே பழைய புரோட்டோன் காரில் ஊர்ந்து போவார். போன வருஷம் கெடு நேரம் தாண்டிவிட்டதென்று பந்தயக்காரர்கள் மகனைப் பாதியில் நிறுத்தியபோது, சாப்பிடாமல் கிடந்தவரும் அவர்தான்.

மாமனாரின் தம்பி சபாபதி சின்ன மாமா மட்டும் அடங்கவில்லை. வாசல் கூடாரத்துக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். அப்பன் பெட்டியில் கிடக்கும்போது மகனுக்கு என்ன விளையாட்டு என்றார். பாவம், தெரியாமல் ஓடுகிறான் என்று ஒவ்வொரு முறையும் அத்தை சமாதானம் சொன்னார். தெரிந்தே ஓடியிருந்தால் கொள்ளிச்சட்டியைத் தொட விடமாட்டேன் என்றார் சின்ன மாமா. சொன்னால் செய்கிற ஆள்.

இருட்டத் தொடங்கியபோது புள்ளி எல்லைக்கோட்டை நெருங்கியது. நேரலையைத் திறந்தேன். அத்தை என்னை ஒட்டி உட்கார்ந்தார்.

அவர் வந்தார். கையைத் தூக்கவில்லை, சிரிக்கவில்லை. கோட்டைத் தாண்டியதும் தொப்பியைக் கழற்றினார்.

தலை மொட்டையாக இருந்தது. தானே மழித்திருக்க வேண்டும், காதோரம் திட்டுத்திட்டாக முடி நின்றது. மீசையும் இல்லை.

அத்தை என் காதருகே குனிந்தார்.

“நான்தான் காலையிலயே சொல்லிட்டேன், மலரு. பிளைட் நாளைக்குத்தானே, ரூம்ல ஒத்தையா உக்காந்து என்ன பண்ணப்போற, அப்பாவுக்காகப் போய் ஓடுடான்னேன்.”

நாள் முழுக்க என்னையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறார்களே என்று கோபம் வந்தது. அத்தனை தூரமும் அவர் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாரே என்று நினைத்ததும் அழுகைதான் வந்தது.

சின்ன மாமா உள்ளே வந்தார். முடித்துவிட்டானா, காட்டு என்று கையை நீட்டினார்.

நான் திரையை அணைத்தேன்.

“முடிச்சிட்டாரு மாமா. பாவம், அவருக்கு ஒன்னுமே தெரியாது. இருங்க, நான் போன் போட்டுச் சொல்றேன்.”