நுளம்புக்குப் பயந்த குழாய்

முழங்காலில் தவழ்ந்து தொட்டியை அடைந்தபோது டோர்ச் வெளிச்சம் அந்தக் குழாயின் வாயில் விழுந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கூரைக்கு அடியில், நிமிர முடியாத இடம். வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கெல்லாம் தண்ணீர் இந்தச் சின்னத் தொட்டியிலிருந்துதான் போகிறது.

நான்கு நாளாக மேல்மாடியில் சூடு இல்லை. பெயின்ட் அடிக்க வேண்டும் என்று கணவன் தயாபரன் தண்ணீரை இறக்கி, மறுபடி நிரப்பிய நாளிலிருந்து. திருத்த வந்து பார்த்தவன், தண்ணீரைச் சூடாக்கும் பொயிலரையே மாற்றச் சொன்னான். புதியது வர மூன்று கிழமை.

மூன்று கிழமையும் தயாபரனின் அக்கா வீட்டில். பேசி முடித்தாயிற்று. இன்று மத்தியானம் பயணம்.

போன முறை அங்கே இரண்டு நாள் இருந்தாள். அவள் அரிந்த வெங்காயத்தை மச்சாள் எடுத்து மறுபடி அரிந்தாள்.

இரண்டு நாளும்.

அதனால்தான் காலையிலேயே பொயிலரை நிறுத்தி ஆறவிட்டு, குழாய் குழாயாகத் தடவிக்கொண்டு மேலே வந்திருந்தாள். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எல்லாவற்றையும் கீறியிருந்தாள். பொயிலர், பம்ப், மேலே ஏறும் குழாய்கள். தொட்டியோடு சேர்ந்தவை இரண்டு. ஒன்று தொட்டியின் அடியிலிருந்து தண்ணீரைக் கீழே கொண்டுபோகிறது. மற்றது கீழிருந்து வந்து, தொட்டிக்கு மேலே வளைந்து, சும்மா திறந்தபடி நிற்க வேண்டும்.

உள்ளே மாட்டிய காற்று பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

அந்தக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. அதற்கு மேல் சைக்கிள் ரியூப் ரப்பர், மூன்று சுற்று. முடிச்சு தயாபரனுடையது. கண்ணை மூடிக்கொண்டும் சொல்வாள்.

ஊரில் தொட்டிப் பக்கம் எந்தக் குழாயையும் வாயைத் திறந்துகொண்டு நிற்க விடமாட்டார்கள். நுளம்பு முட்டை போட்டுவிடும், பிறகு இரவெல்லாம் கடி. வலை கட்டுவார்கள், மூடி போடுவார்கள். அப்படிப் பழகிய அவன் கை, தண்ணீர் நிரப்ப ஏறிய அன்று இங்கேயும் சும்மா இருக்கவில்லை. லண்டனில், தை மாதத்தில், நுளம்புக்குக் காவல்.

சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. கோபம்தான் கூட.

ரப்பரை அவிழ்த்து மூடியைப் பிடுங்கினாள்.

புஸ்ஸென்றது. தொட்டித் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. மிதவை தாழ, புதுத் தண்ணீர் ஓடிவந்தது. கீழே சுவர்களுக்குள் எங்கெங்கோ களகளவென்று சத்தம்.

இறங்கி வந்து ஒவ்வொரு ரேடியேட்டரிலும் சின்னச் சாவியைத் திருகி மிச்சக் காற்றையும் விட்டாள். பொயிலரைப் போட்டாள்.

மேல்மாடி அறையில் ரேடியேட்டரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

பிறகு இளஞ்சூடு. பிறகு கையை எடுக்க வேண்டியதாயிற்று.

வென்றுவிட்டாள். பொயிலர் செய்தவனே வந்து கைகொடுத்திருந்தாலும் அந்த நேரம் கூச்சப்படாமல் வாங்கியிருப்பாள்.

மூடி சட்டைப்பையில் இருந்தது. தயாபரனைத் தேடிப் போகும்போதே வசனங்களை அடுக்கினாள். நல்ல வசனங்கள். எட்டு வருடக் கல்யாணத்துக்கு ஈடு கொடுக்கக்கூடியவை.

அவன் அடுத்த அறையில் ரேடியேட்டரைத் தடவிக்கொண்டு போனில் பேசியபடி நின்றான்.

“இல்லை அக்கா, நாங்கள் வரேல்லை. மேலையும் சூடு வந்திட்டுது.”

மறுபக்கம் அக்கா ஏதோ கேட்டாள்.

“நானில்லை அக்கா. நாலு நாளாக் கிண்டியும் என்னாலை ஏலாமல் போச்சு. இவதான் தனிய நிண்டு செய்தவ. வந்து பாத்தவனுக்கே விளங்கேல்லை, இவவுக்கு விளங்கினது.”

அக்காவிடம் அவன் இப்படிப் பேசி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அடுக்கிய வசனங்களில் பாதி மறந்துபோயின.

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். “என்னப்பா பிழை?”

பைக்குள் மூடியை விரலால் உருட்டினாள்.

“காத்து.”

“நானும் அதைத்தான் நினைச்சனான்,” என்றான் தயாபரன்.

மூடியை வெளியே எடுப்பதில்லை என்று முடிவுசெய்தாள்.

இன்றைக்கு மட்டும்.