இருபத்து மூன்றாவது படி

புதிய பள்ளிக் கட்டடத்தை ஒப்படைப்பதற்கு முந்தின நாள் காலை, பிலிப்பைன்ஸின் இலோய்லோவில், இஞ்சினியர் மாரிவிக் சரிபார்ப்புப் பட்டியலோடு மாடிப்படி ஏறினாள். வரைபடத்தில் இருபத்திரண்டு படிகள். அவள் எண்ணியபோது இருபத்து மூன்று இருந்தன.

மேஸ்திரி டெலிங்கும் ஏறி எண்ணிப் பார்த்தார். இருபத்து மூன்றுதான்.

"நாங்க போட்டது இருபத்திரண்டு, இஞ்சினியர். என் கையால பலகை அடிச்சேன்."

"அப்ப இதை யாரு போட்டா, மனோங்?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

படி ஒவ்வொன்றும் பதினைந்து சென்டிமீட்டர். தரையிலிருந்து மாடிவரை டேப் பிடித்தால் மூன்று மீட்டர் முப்பது. இருபத்திரண்டு படிக்கான உயரம் அது. கணக்கு உதைத்தது.

மாரிவிக்கை மகள் முறையில் 'இண்டாய்' என்று அழைக்கும் தலைமையாசிரியைக்குப் பொறுமை இல்லை.

"ஒரு படி கூட இருந்தா என்ன, இண்டாய்? பிள்ளைங்க ரெண்டு வருஷமா கூடாரத்துல வேகுதுங்க. எப்பத்தான் முடிஞ்சதுன்னு சொல்லுவ?"

மாரிவிக் பேனாவை எடுத்தாள். 'பணி முழுமையாக முடிந்தது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உரக்க எண்ணிக்கொண்டே ஏறி, திருப்பத்தில் மறைந்தார்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்தைந்து.

"நில்லுங்க! இறங்கி வாங்க!" என்று கத்தினாள் மாரிவிக். குரல்கள் நிற்கவில்லை. அறுபதைத் தாண்டியபோது மெலிந்தன.

டெலிங் ஓடினார். இருபத்து மூன்றே படிகளில் மாடிக்குப் போய்விட்டார்.

"இங்க யாருமே இல்ல, இஞ்சினியர்!"

எங்கோ மிக உயரத்தில், நூறு வந்ததும் பிள்ளைகள் கைதட்டுவது கேட்டது. பிறகு நூற்றொன்று.