திரையில் தெரிந்த கடவுச்சொல்

"என்ரை வாயால ஒருத்தருக்கும் சொல்லேல்லை, தம்பி. எங்கட குடும்பத்தில பொய்ச் சத்தியம் செய்த ஆள் இல்லை."

நவரட்ணராஜா கதிரையில் சாயாமல் நிமிர்ந்து இருந்தார். கண்டியில் ஒரு தனியார் கல்லூரியின் பதிவாளர் அவர். வடக்கிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை இராணுவம் மாதாமாதம் கேட்டு வாங்கிய யுத்த காலம். பட்டியலில் ஏறிய பிள்ளை விசாரணைக்குப் போனால் திரும்புவது நிச்சயமில்லை. இப்போது பதினொரு பிள்ளைகளின் முகவரி, கணினியில் வடக்கே கிளிநொச்சியிலிருந்து கண்டிப் பக்கத்து ஹேவாஹெட்டவுக்கு மாறிக் கிடந்தது. மாற்றியவர் நுழைந்தது பதிவாளரின் கடவுச்சொல்லால்.

நாளை அவர் விசாரணைக்குப் போக வேண்டும். கடவுச்சொல்லை அவரே சொல்லிக் கொடுத்தார் என்று முடிவானால் சிறைதான்.

கணினிகளைப் பராமரிக்கும் பிலிமத்தலாவை ஊர்க்காரன் ஷிராஸ், வழக்கம்போல வேலை செய்யும்படி அவரைக் கேட்டு, பக்கத்தில் நின்று பார்த்தான். விஷயம் உடனே பிடிபட்டது. அந்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தயங்கினான்.

"சேர், கொமாண்ட் அடிக்கிற அதே வரியில பாஸ்வேட்டையும் சேத்து அடிக்கிறீங்க. அது ஓடுற நேரம், அடுத்த அறையில உள்ளவங்க தங்கட திரையில என்னென்ன ஓடுதுன்னு பாத்தா பாஸ்வேட்டும் முழுசாத் தெரியும். அந்த வரியில பாஸ்வேட்ட அடிக்காம விட்டா கொம்பியூட்டரே தனியாக் கேக்கும். அப்ப அடிச்சா ஒருத்தருக்கும் தெரியாது."

அடுத்த அறையில் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள், பார்த்தது யாரென்று கண்டுபிடிக்க வழியில்லை என்பதையும் சொன்னான்.

"அப்ப நான் சொல்லிக் குடுக்கேல்லை எண்டு எழுதித் தருவீரோ?"

"தரலாம். ஆனா அறியாமையால நடந்த பிழைன்னு எழுதணும், சேர்."

அப்படியொரு வார்த்தையை அவர் முகத்துக்கு நேரே சொல்ல அந்தக் கல்லூரியில் ஆள் கிடையாது.

"எழுதும்," என்றார்.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவர் தேநீர் குடிக்கப் போனார். ஷிராஸுக்குப் பாவமாக இருந்தது.

கடைசி வேலையாக, அடித்த கட்டளைகளையெல்லாம் கணினி சேமித்துவைக்கும் கோப்பைத் திறந்தான். கடவுச்சொல் அதில் கிடந்தால் அழிக்க வேண்டும். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தான். நூற்றுக்கணக்கான பழைய வரிகள், எதிலும் கடவுச்சொல் இல்லை. வருடக்கணக்காக, கணினி கேட்ட பிறகுதான் பெரியவர் அதை அடித்திருக்கிறார். கட்டளையோடு சேர்த்து அவர் முதன்முதலாக அடித்திருந்தது, வடக்குப் பிள்ளைகளின் பட்டியலை முதல் தடவை எடுத்த வரியில்.

ஷிராஸ் அந்தக் கோப்பை முழுதாக அழித்துவிட்டு எழுந்தான்.